இடக்கை தேய்த்த நிப்பு

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. தாங்களும் தங்கள் மூட்டுவலியும் எப்படி? வலி விலகித் தாங்கள் மட்டும் சௌக்கியமாக இருக்க விரும்புகிறேன். இங்கே தங்கள் தங்கை நலம். ரொம்பவே நலம். நானும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் முப்பத்து நான்கு வருடம் வங்கியில் கையெழுத்துச் சரிபார்க்கும் பிரிவில் உட்கார்ந்து, பொய்க் கையெழுத்து என்றால் தாளைக் கையில் வாங்குவதற்கு முன்பே மோப்பம் பிடித்தவன் நான். பொய்யாக ஒரு வரி எழுத எனக்கு வராது. போன சனிக்கிழமை மாலை நாலே கால் மணியிலிருந்து நான் நலமாக இல்லை.

நிற்க. எங்கள் கல்யாணத்தன்று பதிவாளர் நீட்டிய பேனா எழுதாமல் மக்கர் செய்ததும், தாங்கள் சட்டைப் பையிலிருந்து ஒரு கரும்பச்சை மைப்பேனாவை எடுத்து என்னிடம் கொடுத்து, “வச்சுக்குங்க மாப்பிள்ளை, இனிமே இது உங்களோடது” என்று சொன்னதும் நினைவிருக்கும். அந்தப் பேனாவை நான் எப்படி வைத்திருந்தேன் என்று தங்களுக்குத் தெரியாது. ஆபீசுக்கு ஒருநாள்கூட எடுத்துப் போனதில்லை. எடுத்துப் போனால் கவுண்டருக்கு வருகிறவன் எல்லாம் ‘சார், பேனா ஒரு நிமிஷம்’ என்பான், கொடுத்த நிமிஷத்திலிருந்து நிப்பு அவன் கைக்கு வளைய ஆரம்பித்துவிடும். அதனால் ஆபீசுக்கு ஒரு ரீபிள் பேனா, வீட்டில் மேசை இழுப்பறையில் இந்தப் பேனா என்று பிரித்து வைத்தேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுப்பேன், தங்களுக்குக் கடிதம் எழுதுவேன், கழுவித் துடைத்துத் திரும்ப வைப்பேன். கடிதத்தைத் தபாலில் சேர்ப்பது தங்கள் தங்கையின் பொறுப்பு. முப்பத்தொரு வருடம் என் விரலைத் தவிர இன்னொரு விரல் படாத பேனா என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். யாரும் என்னைத் தடுக்கவில்லை. பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த தங்கள் தங்கையும் தடுக்கவில்லை.

இந்த நிலையில்தான் எங்கள் தெரு நூலகத்தில் மைப்பேனா அன்பர்கள் சங்கத்தார் ஒரு கூட்டம் போட்டு, மைப்பேனாவின் வரலாறும் வற்றாத கவர்ச்சியும் என்று நான் பேச வேண்டும் என்றார்கள். நானும் மூன்று வாரம் குறிப்பெடுத்தேன். வந்திருந்தவர்கள் பத்தொன்பது பேர், அதில் இரண்டு பேர் மின்விசிறிக்காக வந்தவர்கள். மற்ற பதினேழு பேரும் வாய் பிளந்து கேட்டார்கள் மச்சான், மிகையில்லை. நாணலைச் சீவி எழுதிய காலத்திலிருந்து ஆரம்பித்தேன். அப்புறம் வாத்து இறகு. வாத்தின் இடது இறக்கையிலிருந்து பிடுங்கிய இறகுதான் வலது கைக்காரனுக்குக் கண்ணை மறைக்காமல் வெளிப்பக்கமாக வளையும் என்பதால் அதற்குத்தான் கிராக்கி என்று சொல்லிவிட்டு, ஒரு நகைச்சுவைக்காக, “நல்லவேளை, எங்க வீட்ல இடதுகைக்காரங்க யாரும் இல்லை” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். தங்கள் தங்கை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளும் சிரித்தாள்.

பிறகு வரியைப் பாதியில் நிறுத்தி நிறுத்தி மைக்கூட்டில் முக்கித் தொட்டெழுதும் பேனாக்கள், அந்தத் தொல்லை தாங்காமல் பேனாவின் வயிற்றுக்குள்ளேயே மையை அடைத்துப் பார்த்தது, அது ஒன்று ஒழுகிச் சட்டையைக் கெடுத்தது அல்லது அடைத்துக்கொண்டு மானத்தை வாங்கியது, மை கீழே இறங்க வேண்டுமானால் காற்று மேலே ஏற வேண்டும் என்கிற சின்ன விஷயம் பிடிபட்டு, நிப்புக்கு அடியில் இருக்கிற கறுப்புக் கட்டையில் மெல்லிய கீறல்கள் போட்ட பிறகுதான் பேனா ஒழுங்குக்கு வந்தது, சொட்டுச் சொட்டாக ஃபில்லரில் ஊற்றியது, ரப்பர் பை வைத்து உறிஞ்ச வைத்தது, எல்லாம் சொன்னேன். கடைசியில் பால்பாயிண்ட் பேனா வந்து மலிவாகவும் ஒழுகாமலும் எழுதியதும் இதன் கதை முடிந்தது என்று எல்லோரும் கையைக் கழுவினார்கள், ஆனால் முடியவில்லையே, ஏன் என்று கேட்டுவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். குடித்துவிட்டுச் சொன்னேன்: பால்பாயிண்ட் யார் கையில் இருந்தாலும் ஒரே மாதிரிதான் எழுதும், மைப்பேனாவோ எழுதுகிறவன் கைக்குத் தேய்ந்து கொடுக்கும், வருடக்கணக்கில் தேய்ந்து, கடைசியில் எழுதியது யார் என்று காட்டிக்கொடுத்துவிடும். கைத்தட்டல். மச்சான், இந்த வரியை நானே என் வாயால் சொன்னேன். யாரும் கும்பிட்டுக் கேட்டுச் சொல்ல வைக்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் நிப்பு வைத்தியர் என்று எல்லோரும் கூப்பிடும் பேனா பழுது பார்ப்பவர், கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, ஒவ்வொருவர் பேனாவாக வாங்கிப் பார்த்துப் பலன் சொல்ல ஆரம்பித்தார். இவர் அழுத்தி எழுதுவார், அவர் பேனாவைச் சாய்த்துப் பிடிப்பார் என்று சொல்ல, எல்லாம் சரியாக இருந்தது. நானும் பெருமையோடு நீட்டினேன். அவர் பார்த்தார். துடைத்துவிட்டுப் பார்த்தார். வெளிச்சத்துக்குப் போய்ப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “சார், உங்க வீட்ல இடதுகைக்காரங்க யாரு?” என்று கேட்டார். யாருமில்லை என்றேன். அவர் சங்கடப்பட்டுக்கொண்டு, சபையில் எல்லோரும் கேட்கிற மாதிரி, “நிப்பு முனையில ரெண்டு தேய்மானம் இருக்கு. வலது கை தேய்ச்சது கொஞ்சம். இடது கை தேய்ச்சதுதான் மூணு பங்கு. கோவிச்சுக்காதீங்க, இந்தப் பேனா உங்களோடது இல்லை” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலைமை வகித்தவர் என் தோளைத் தட்டி, இரவல் பேனாவாக இருந்தாலும் பேச்சு நன்றாக இருந்தது என்றார். மூன்றாவது வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். நாற்காலி காலி.

வீட்டுக்கு வந்தேன். தங்கள் தங்கை ஒன்றும் நடக்காதது போல உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். மச்சான், கத்தி இடது கையில் இருந்தது. நான் வாசற்படியிலேயே நின்று பார்த்தேன். அடுப்பைத் திருகினாள், இடது கை. கரண்டி, இடது கை. கதவுத் தாழ்ப்பாள், ஊசியில் நூல், சன்னல் கொக்கி, எல்லாம் இடது கை. உலகத்தில் உள்ளவன் கையெழுத்தையெல்லாம் சுழி சுழியாகப் பார்த்து, இருநூற்றுப் பதினாலு போலிகளைப் பிடித்து, ஓய்வு பெற்ற நாளில் ‘கழுகுக் கண்’ என்று பொறித்த கேடயம் வாங்கியவன், பெண்டாட்டிக்கு எந்தக் கை பழக்கம் என்று முப்பத்தொரு வருடம் பார்க்கவில்லை. சின்ன வயதில் உங்கள் அப்பா அவள் இடது கையைத் துண்டால் கட்டி வலது கையால் எழுதப் பழக்கினாராமே? ஊருக்கு முன்னால் வலது கையாலும் தனியாக இருந்தால் இடது கையாலும் எழுதுவாளாமே? நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் உள்ளங்கை ஓரத்தில் வருடக்கணக்காக ஒரு நீலக்கறை இருந்தது. என்ன என்று கேட்டதற்கு என் சட்டைப் பையில் ரீபிள் பேனா ஒழுகிய மை, துவைக்கும்போது ஒட்டிக்கொண்டது என்றாள். நானும் குற்ற உணர்ச்சியில் விதவிதமாக சோப்பு வாங்கிக் கொடுத்தேன். எழுதிய மை காய்வதற்குள் இடது கை அதன் மேல் உரசிக்கொண்டு போகும் என்பது, பேனாவின் வரலாறு பேசுகிறவனுக்கு உறைக்கவில்லை.

யாருக்கு எழுதினாய் என்று கேட்டேன். என்னென்னவோ நினைத்துவிட்டேன், அதை எழுதக் கூசுகிறது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய், பரண் மேலிருந்து ஆறு பிஸ்கட் தகர டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கினாள். உள்ளே என் கடிதங்கள். உங்களுக்கு நான் எழுதியவை. எழுநூற்றுச் சொச்சம், தேதி வாரியாக. ஒவ்வொன்றோடும் அவள் எழுதிய ஒரு நகல் குண்டூசியால் குத்தியிருந்தது. அவள் சொன்னது இவ்வளவுதான்: “நீங்க எழுதினதை அப்படியே அனுப்ப முடியலைங்க. அண்ணன் படிச்சா மனசு உடைஞ்சு போகும். அதான் மாத்தி எழுதி அனுப்பினேன்.” அப்படியென்றால் நிப்பு எப்படி மூணு பங்கு தேயும் என்று கேட்டேன், அந்த நேரத்திலும் எனக்குக் கணக்கு உதைத்தது. “உங்க கோபத்தை ஒரே தடவையில எடுக்க முடியாது. மூணு தடவை எழுதினாத்தான் போகும்” என்றாள்.

மச்சான், கல்யாணமான முதல் ஒரு வருடத்தைத் தவிர, நான் எழுதிய கடிதம் ஒன்றுகூட உங்களுக்கு வந்து சேரவில்லை. என் எழுத்தில், என் சுழியில், என் கொம்பில், என் கையெழுத்தோடு அவள் எழுதியதைத்தான் நீங்கள் படித்திருக்கிறீர்கள். நகல்களை வரிக்கு வரி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். குறை இல்லை. என் மேசைக்கு வந்திருந்தால் முத்திரை குத்தி அனுப்பியிருப்பேன்.

இதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். டப்பாவைத் திறந்து என் கடிதங்களைப் படித்தேனே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இரண்டு நாள் விடாமல் படித்தேன். யார் இந்த ஆள் என்று தோன்றியது. ஒவ்வொரு கடிதத்திலும் நலம் விசாரிப்பு ஒரு வரி, பிறகு ‘நிற்க’, பிறகு குடை. எந்தக் குடை என்று கேட்பீர்கள். கேட்கத்தான் செய்வீர்கள், அவள் அந்த வார்த்தையையே உங்கள் கண்ணில் காட்டவில்லை. கல்யாணமாகி மறு வருடம் நீங்கள் வீட்டுக்கு வந்து கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது, நான் என் முதல் சம்பளத்தில் வாங்கிய கறுப்புக் குடையைக் கொடுத்தனுப்பினேன். திரும்பி வரவில்லை. நேரில் கேட்பது பண்பில்லை, போனில் கேட்டால் பதிவு இருக்காது என்று எழுத்திலேயே கேட்டு வந்தேன். நீங்கள் பதிலில் குடையைப் பற்றி மூச்சே விடாமல் என் அன்புக்கு நன்றி சொல்வீர்கள். என்ன நெஞ்சழுத்தம் என்று அடுத்த கடிதத்தில் இன்னும் காரமாக எழுதுவேன். நீங்கள் இன்னும் உருகி எழுதுவீர்கள். திட்டத் திட்ட இந்த மனுஷனுக்குப் பாசம் பெருகுகிறதே என்று நான் வியந்ததுண்டு.

உங்கள் மனைவி இறந்த வருடத்துக் கடிதத்தை எடுத்தேன். எடுத்திருக்க வேண்டாம். ‘செய்தி அறிந்து வருந்துகிறோம். நிற்க. தங்கள் வீட்டுப் பொருள்களைத் தற்சமயம் ஒழுங்குபடுத்த நேரும் என்பதால், அவற்றுள் வளைந்த பிடியுள்ள கறுப்புக் குடை ஒன்று தென்பட்டால்’ என்று போகிறது மச்சான் என் கடிதம். ஒன்றரைப் பக்கம். என் கையெழுத்துதான், சரிபார்த்துவிட்டேன். அதோடு குத்தியிருந்த நகலில் அவள் எழுதியிருந்தாள்: ‘வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் ரேடியோவைப் போட்டுவிடுங்கள். பேச்சுச் சத்தமில்லாத வீட்டில் செருப்பைக் கழற்றக்கூட மனசு வராது. பதில் எழுத வேண்டாம். நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.’ அந்த வருடக் கடைசியில் நீங்கள் வந்தபோது கூடத்தில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “அந்த லெட்டர் இல்லைன்னா நான் என்ன ஆயிருப்பேன்னு தெரியலை மாப்பிள்ளை” என்று அழுதீர்கள். நான் என் ஒரு வரி வருத்தத்தை நினைத்துக்கொண்டு, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று அடக்கமாகச் சொன்னேன். உண்மையாகவே ஒன்றுமில்லை. அவள் அப்போது தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நீங்கள் மாடிப் பகுதி காலியா என்று கேட்டதற்கு, குழாய் ஒழுகுகிறது, படி செங்குத்து, உங்கள் மூட்டுக்கு ஆகாது, வர வேண்டாம் என்று நான் எழுதினேன். அது உங்களிடம் ‘மாடி உங்களுக்காகத்தான் காலியாக இருக்கிறது’ என்று வந்து சேர்ந்திருக்கிறது. நீங்களும் நம்பி, கண்ணாடிக் கடையை மூடி, இருந்த வீட்டையும் காலி செய்துவிட்டு, லாரி பிடித்து, ஒன்றாம் தேதி வருகிறீர்கள். அதுவும் எதற்காக? தங்கை இருக்கிறாள் என்பதற்காக மட்டும் இல்லை, இப்படியெல்லாம் எழுதுகிற மாப்பிள்ளையோடு கடைசிக் காலத்தில் தினமும் உட்கார்ந்து பேசலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். மச்சான், நீங்கள் பார்க்க வருகிற மாப்பிள்ளை இந்த வீட்டில் இல்லை. இருப்பது நான். மாடியிலிருந்து இறங்கி வந்து எதிரில் உட்கார்ந்தால் முதல் நாளே தெரிந்துவிடும். இத்தனை வருடம் சாய்ந்துகொண்டிருந்த தோள் என்னுடையது இல்லை என்று தெரிகிறபோது உங்கள் முகம் எப்படி ஆகும் என்று நினைக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே ஒளிவுமறைவில்லாமல், உறுதியாக, கடைசியாகச் சொல்கிறேன். படியில் ஏழாவது படி கொஞ்சம் உயரம், பார்த்துக் கால் வையுங்கள். கைப்பிடி இடது பக்கம் இருக்கிறது. குழாயைச் சரிசெய்தாகிவிட்டது. காலை வெயில் சன்னலோரம் விழும், நாற்காலியை அங்கே போட்டிருக்கிறோம். எனக்குப் பேசத் தெரியாது, ஆனால் கேட்டுக்கொண்டிருப்பேன். நீங்கள் வந்தால் வீடு நிறைந்திருக்கும்.

எல்லா நலமும் தங்கள் மூட்டுக்கும் தங்களுக்கும் குறைவின்றிக் கிடைக்கட்டும். அக்கம்பக்கத்தாருக்கும், கடையில் கூட இருந்தவர்களுக்கும் என் விசாரிப்புகள்.

என்றும் தங்கள் அன்பை மறவாத,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: மச்சான், மேலே நீங்கள் படித்தது என் கடிதம் இல்லை. நான் எழுதியது பதினோரு தாள். உறையில் போட்டு ஒட்டி, இந்தத் தடவை நானே தபாலில் போடுவேன் என்று சொல்லிவிட்டு, செருப்புப் போடப் போனேன். திரும்பி எடுத்தால் உறை இளைத்திருந்தது. முப்பத்து நான்கு வருடம் காகிதம் தூக்கிய கை. பிரித்தால் எட்டுத் தாள். அவள் எழுதிய நகல். நான் எழுதி முடித்த இரவே தயார் செய்து வைத்திருக்கிறாள். அவளைப் பற்றியும் என்னைப் பற்றியும் நான் எழுதிய எதையும் அவள் தொடவில்லை, எல்லாம் அப்படியே இருக்கிறது. ‘உறுதியாக, கடைசியாகச் சொல்கிறேன்’ என்ற இடத்துக்குப் பிறகு மூன்று தாளில் நான் எழுதியிருந்தது, வர வேண்டாம் என்பது. அதைத்தான் படிக்கட்டாகவும் சன்னலாகவும் மாற்றியிருக்கிறாள். விடக்கூடாது என்று பேனாவை எடுத்து, வர வேண்டாம் என்று குறுக்கே எழுதப் போனேன். நிப்பு என் கைக்குக் கீறுகிறது மச்சான். அவள் கைக்கு வழுக்கிக்கொண்டு போகிற நிப்பு எனக்கு ஒரு எழுத்துக்கு மேல் நகரவில்லை. அப்படியே உட்கார்ந்து அந்த எட்டுத் தாளையும் திரும்பப் படித்தேன். எனக்குப் பேசத் தெரியாது, கேட்டுக்கொண்டிருப்பேன் என்று எழுதியிருக்கிறாளே, அதை நான் எழுதவில்லை. ஆனால் அது உண்மைதான். எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. இந்தத் தடவை கையெழுத்து நான் போட்டது. வாருங்கள். இந்தப் பின்குறிப்பை ரீபிள் பேனாவில் எழுதுகிறேன், மைப்பேனாவை அவள் இழுப்பறைக்கு மாற்றிவிட்டேன். நிற்க. வரும்போது அந்தக் குடையை எடுத்து வாருங்கள்.

அண்ணா, பின்குறிப்பை நான் தொடலை. இத்தனை வருஷத்துல அவர் எழுதினதுல நான் ஒரு எழுத்துக்கூட மாத்தாம அனுப்பறது இது ஒண்ணுதான். குடையை நீங்க மறு மாசமே எங்கிட்ட திருப்பிக் கொடுத்துட்டீங்க, உங்களுக்கு ஞாபகம் இருக்காது. நான்தான் அதை பஸ்ஸில விட்டுட்டு வந்தேன். அவர்கிட்ட சொல்லப் பயந்துதான், குடையைக் கேட்டு அவர் எழுதின முதல் லெட்டரையே மாத்தி எழுத ஆரம்பிச்சேன். வர்ற வழியில கறுப்பா, வளைஞ்ச பிடியோட ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க. கொஞ்சம் பழசா இருக்கட்டும், அவருக்குக் கழுகுக் கண்.